முத்துக்கு விலை வைத்தவர் யார்?



கடந்த மாதம் வாலிபர் வேத ஆராய்ச்சிக் கூட்டம் முடிந்தபின், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் என்னிடம் வந்து நின்றான். "ஐயா, நம்முடைய கடலில் முத்து இருந்தது. பாண்டியருக்குத் துறைமுகம் இருந்தது. ஆனாலும் கப்பலும் பீரங்கியுமாய் வந்து நம்மை ஆண்டவர்கள் ஐரோப்பியர். நாம் ஏன் லிஸ்பனுக்குப் போய் அவர்களை ஆளவில்லை? தேவன் அவர்களை நம்மைவிட அதிகமாய் நேசித்தாரா?" என்று கேட்டான்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி வந்தபோது நான் தயங்காமல் பதில் சொன்னதுண்டு. அவர்கள் வேதத்தைக் கனம்பண்ணினார்கள், ஆகவே கர்த்தர் அவர்களை உயர்த்தினார் என்று பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லியிருக்கிறேன். இன்று அந்தப் பதில் என் மனச்சாட்சியை உறுத்துகிறது. அர்மீனியாவும் எத்தியோப்பியாவும் 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவை அறிக்கையிட்ட நாடுகள். அவை கடல்களை ஆளவில்லை. நமக்கு அண்டையில் இருக்கிற கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள், போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சபையாய்க் கூடி ஆராதித்தவர்கள். அவர்களுக்கும் பேரரசு வாய்க்கவில்லை. வேதத்தைக் கனம்பண்ணுவதே வல்லமைக்குக் காரணம் என்றால் வரலாறு வேறு விதமாய் நடந்திருக்கவேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1972இல் நியூ கினித் தீவில் யாலி என்ற தலைவர், ஜாரெட் டயமண்ட் என்ற அமெரிக்க அறிஞரிடம் ஏறக்குறைய இதையே கேட்டார். அதற்கு விடையாக அவர் 1997இல் ஒரு பெரிய நூலையே எழுதினார். மனிதருடைய மூளையிலோ இரத்தத்திலோ வேறுபாடு இல்லை, அவர்களுக்குக் கிடைத்த நிலமும் பயிரும் விலங்கும் தட்பவெப்பமுமே சில நாகரிகங்களை முந்தச் செய்தன என்பது அவருடைய விடை. அது எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் அது போதாமற்போகிறது என்பதை அறிய நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் முத்துக்குளித்துறையின் வரலாறே போதும்.

கடல் கொடுத்தது

மன்னார் வளைகுடா ஒரு தனித்தன்மையுள்ள கடல். கிழக்கே இலங்கையும் வடக்கே ஆதாம் பாலம் என்னும் மணல்திட்டுகளும் அதைக் காக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை 21 தீவுகள் பவளப்பாறைகளோடு வரிசையாய் நிற்கின்றன. கரைக்கு அப்பால், கடலடி மணலின் நடுவே ஆங்காங்கே பாறைப்பரப்புகள் உண்டு. அவற்றை நம் முன்னோர் 'பார்' என்றார்கள். வெதுவெதுப்பான அந்த ஆழத்தில், பாரைப் பற்றிக்கொண்டு முத்துச்சிப்பி வளர்ந்தது. சுற்றியுள்ள மணலில் சங்கு வளர்ந்தது. இவற்றை எந்த அரசனும் உண்டாக்கவில்லை.

கரையோ கடலைப் போலன்று. நம் தேரிக்காட்டுச் செம்மண்ணைப் பாருங்கள். பனை நிற்கும், உடைமரம் நிற்கும், நெல் விளையாது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்ள, நமக்குக் கிடைப்பதெல்லாம் ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் சொற்ப மழையே. மலை தடுத்த அந்த மழை தாமிரபரணியாய் இறங்கி வந்து உள்நாட்டு வயல்களை நெல்லால் நிரப்பியது. ஆகவே கடற்கரையான் சோற்றுக்கு உள்நாட்டானை நம்பியிருந்தான். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்க்கலாம். அதைக் கொண்டு படைக்குச் சோறுபோடலாம், கோட்டை கட்டலாம், கணக்கரை வைத்து வரி வாங்கலாம். மீனையோ பிடித்த அன்றே விற்றாகவேண்டும். ஆற்றங்கரையில் அரசு எழும்பியதற்கும், கடலுக்குள் இறங்கினவன் அந்த அரசுக்குக் கீழ்ப்பட்டதற்கும் இந்த நில அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த கொற்கை பாண்டியரின் துறைமுகம். 1968-69இல் அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்து, அதன் பழமையை உறுதிப்படுத்தியது. கிரேக்க மாலுமி ஒருவர் 1ஆம் நூற்றாண்டில் எழுதிய செங்கடல் பயணக் குறிப்பும், அடுத்த நூற்றாண்டில் தாலமியின் புவிநூலும் இவ்வூரைக் குறிப்பிடுகின்றன. அந்நாட்களில் பொன் மேற்கிலிருந்து கிழக்கே ஓடியது. இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை ரோமப் பேரரசிலிருந்து உறிஞ்சிவிடுகின்றன என்று பிளினி என்ற ரோம அறிஞர் புலம்பினார். முத்தின்மேல் ரோமச் சீமாட்டிகளுக்கு இருந்த மோகமும் அவருடைய புலம்பலுக்கு ஒரு காரணம்.

இன்று கொற்கைக்குப் போய்ப் பாருங்கள். கடலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஓர் அமைதியான கிராமமாய் இருக்கிறது. எந்த ஆறு அதைத் துறைமுகமாக்கியதோ, அதே ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தூரமாய்த் தள்ளிவிட்டது. அதன்பின் காயல் எழும்பியது, அதுவும் தூர்ந்தது. பிற்பாடு புன்னைக்காயலும் தூத்துக்குடியும் முன்னுக்கு வந்தன. பேராயர் கால்டுவெல் கொற்கையையும் பழைய காயலையும் நேரில் ஆராய்ந்து, 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இதை விளக்கியிருக்கிறார். நிலத்தினால் வந்த உயர்வு நிலத்தினாலேயே போயிற்று.

நிலம் கொடுக்காதது

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலைக் கண்டார். முத்துக்குளிப்பில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்றும், சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் எழுதினார். அதோடு வேறொரு விசித்திரத்தையும் குறித்தார். பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபுக் கரைகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின. அடுத்த ஆண்டு மறுபடியும் வாங்கினார்கள்.

அக்காலப் போரில் குதிரைப்படை இல்லாதவன் தோற்பான். நம்முடைய வெப்பமும் ஈரமுமான நிலத்தில் நல்ல குதிரை பெருகாது. ஆகவே கடலின் அடியில் மூச்சடக்கி எடுத்த முத்து, குதிரையாய் மாறி, லாயத்தில் மடிந்தது. தன் நிலம் கொடுக்காத ஒன்றுக்காக, தன் கடல் கொடுத்ததை ஒரு நாடு ஆண்டாண்டாய்ச் செலவழித்தது. நில அமைப்பு ஒரு நாட்டின் பலத்தை எப்படி அரிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

காற்றும் பீரங்கியும்

நம் கடலில் பருவக்காற்று ஒழுங்காய் வீசும். ஒரு காற்றில் அரபு வணிகன் வருவான், எதிர்க்காற்றில் திரும்பிப்போவான். அந்த ஒழுங்குக்குத் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மரக்கலமே போதுமானதாயிருந்தது. அது பீரங்கியின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று.

போர்த்துக்கல்லோ ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், கொந்தளிக்கும் அட்லாண்டிக்கை நோக்கியிருக்கிற சிறிய நாடு. மிளகும் பட்டையும் எகிப்து வழியாய் வெனிஸ் வணிகரின் கையைத் தாண்டியே அவர்களுக்கு எட்டின. அதனால் ஆப்பிரிக்கக் கரையோரமாய்த் தெற்கே தெற்கே என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். முரட்டுக் கடல் அவர்களை முரட்டுக் கப்பல் கட்டவைத்தது. அந்தக் கப்பலில் இருந்த திசைகாட்டியும் வெடிமருந்தும் சீனத்தில் பிறந்தவை. கணக்கெழுதிய எண்கள் இந்தியாவிலிருந்து அரபியர் வழியே போனவை. பல நாடுகளின் அறிவு அவர்கள் கப்பலில் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். சில ஆண்டுகளுக்குள் போர்த்துக்கீசியரின் அனுமதிச்சீட்டு இல்லாமல் நம் கடலில் வணிகக்கலம் ஓடுவது ஆபத்தாயிற்று.

தம்பியின் கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. அவர்கள் நம்மைவிட அறிவாளிகளாய்ப் பிறக்கவில்லை, அதிகமாய் நேசிக்கப்படவுமில்லை. வேறொரு கடல் அவர்களுக்கு வேறொரு பாடம் கற்பித்தது.

அரசியின் பாதரட்சை

மீதிப் பாதி விடை, சபையாராகிய நம்மைத் தொடுவது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

1530களில் பரதவர் பெருமக்களுக்கும், இதே கடலை நம்பி வாழ்ந்த முஸ்லிம் கடலோடிகளுக்கும் வணிகர்களுக்கும் இடையே முத்துக்குளிப்பின் உரிமையைக் குறித்துப் பெரும் பகை மூண்டது. அப்போது யோவான் தா குரூஸ் என்ற கிறிஸ்தவர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடும்படி பரதவர் தலைவர்களுக்கு ஆலோசனை சொன்னார். அவர் ஒரு குதிரை வணிகர் என்பது கவனிக்கத்தக்கது. தலைவர்கள் கொச்சிக்குப் போய் முறையிட்டார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள். 1536-37 காலத்தில் ஏறக்குறைய 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள் என்று வரலாறு கூறுகிறது. கடற்படையின் பாதுகாப்பும் ஞானஸ்நானமும் ஒரே கப்பலில் வந்தன. முத்து உரிமை போர்த்துக்கீசியரின் கைக்குப் போயிற்று.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். நாம் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்களானாலும் அவரிடமிருந்து கற்கவேண்டியது உண்டு. தமிழைத் தடுமாறிக் கற்று, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போதித்தார். அதே வேளையில், இம்மக்களை ஒடுக்கிய தம் சொந்த நாட்டு அதிகாரிகளின் அநியாயத்தைக் கடிதங்களில் வெளிப்படையாய்க் கண்டித்தார். போர்த்துக்கீசிய அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு தொகை இந்த முத்துக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதை இக்கரையின் பிள்ளைகளுக்குப் போதிக்கிறவர்களின் ஊதியத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி அவர் அரசியிடம் விண்ணப்பித்தார். அத்தொகை அப்படியே விடப்பட்டது.

ஒரு மனிதன் பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சடக்குகிறான். அவன் எடுத்த சிப்பி எங்கேயோ ஓர் அரசியின் செருப்பாகிறது. இதை மலையோ காற்றோ தீர்மானிக்கவில்லை. மனிதர் ஏட்டில் எழுதித் தீர்மானித்தார்கள். மனிதர் எழுதியதாகையால் மனிதர் மாற்றவும் கூடியதாயிருந்தது.

ஒரே கடல், இருவகை நீதி

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். அவர்கள் 1750இல் கட்டிய ஆலயம் இன்றும் நம் நகரில் ஆராதனைக்குத் திறந்திருக்கிறது. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆட்சி மாறியதே தவிரப் பங்கு பெரிதாய் மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில், கரைசேர்ந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்து ஏலமிட்டது. எஞ்சிய ஒரு பங்கே குளியாளிகளுக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்குச் சிறிய பங்கு, கணக்கு எழுதினவனுக்குப் பெரிய பங்கு.

இது அந்நியர் மட்டும் செய்த பாவம் என்று எண்ணிவிடவேண்டாம். பாண்டியரின் காலத்திலேயே, தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு இங்கே முத்தெடுத்தார்கள் என்று நான் முன்பு சொன்ன அந்தக் கிரேக்கக் குறிப்பு கூறுகிறது. நம்மவர் ஆண்டபோதும் மூச்சடக்கினவன் முத்தணியவில்லை.

1906இல் வ.உ. சிதம்பரனார் இதே நகரில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆங்கிலேயக் கப்பலுக்கும் சுதேசிக் கப்பலுக்கும் ஒரே துறைமுகம், ஒரே காற்று, கொழும்புக்கு ஒரே தூரம். இயற்கை இருவருக்கும் சமமாய் இருந்தது. ஆனால் எதிர்த்தரப்பு கட்டணத்தைத் தரைமட்டமாய்க் குறைத்தது. அரசு அதற்குத் துணைநின்றது. 1908இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தோள்கொடுத்த சில நாட்களில் வ.உ.சி. கைதானார், கடுந்தண்டனை பெற்றார், சிறையில் செக்கிழுத்தார். அவருடைய நிறுவனம் கலைந்தது. நில அமைப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். பந்தியை விரித்தது இயற்கை. யார் உட்கார்ந்து உண்பது, யார் நின்று பரிமாறுவது என்பதை மனிதரே தீர்மானித்தார்கள்.

கடைசியில் முத்தின் காலமும் முடிந்தது. 1893இல் ஜப்பானின் மிகிமோட்டோ சிப்பியில் முத்தை வளர்க்கும் வழியில் வெற்றி கண்டார். சில பத்தாண்டுகளில் இயற்கை முத்தின் சந்தை சரிந்தது. நம் கரையில் 1955இல் தொடங்கிய தொடர் குளிப்பு 1961இல் நின்றது, அதன்பின் நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை வளர்த்துக்காட்டினார்கள். சிப்பிக்கு வீடாயிருந்த கடலையோ நாம் காக்கவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தோம். எண்ணற்ற உயிர்கள் கூடிக் கட்டியதைச் சூளையில் இட்டோம்.

வேதத்தின் வெளிச்சத்தில்

அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் பவுல், கல்வியில் பெருமைகொண்ட ஆத்தேனே பட்டணத்தாரின் நடுவில் நின்று இரண்டு உண்மைகளைச் சேர்த்துச் சொல்லுகிறார். மனுஷஜாதிகளெல்லாம் ஒரே இரத்தத்திலிருந்து தோன்றினவர்கள். அவர்களுடைய காலங்களையும் குடியிருப்பின் எல்லைகளையும் குறித்தவர் தேவன். வேறுவேறு கரைகளில் வைக்கப்பட்டோம், ஆனால் ஒரே இரத்தமாயிருக்கிறோம். எதற்காக அப்படி வைத்தார்? அவரைத் தேடும்படிக்கு என்கிறார் பவுல். ஒருவரையொருவர் ஆளும்படிக்கு என்று அங்கே எழுதப்படவில்லை.

எசேக்கியேல் 27ஆம் அதிகாரத்தில் தீரு பட்டணத்தைக் குறித்த புலம்பலை வாசியுங்கள். கடலின் நடுவே கன்மலையில் அமர்ந்த துறைமுகம் அது. அதன் சரக்குகளையெல்லாம் தீர்க்கதரிசி வரிசையாய் எண்ணுகிறார். தீருவின் இடத்தைக் கர்த்தர் குறைசொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில், அந்த இடத்தினால் வந்த செல்வத்தைத் தன் ஞானத்தால் வந்ததென்று எண்ணிய நெஞ்சின் மேட்டிமையையே கண்டிக்கிறார். உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே இஸ்ரவேலுக்குக் கொடுத்த எச்சரிப்பும் இதுவே. நல்ல தேசத்தில் குடியேறி, உண்டு திருப்தியானபின், என் கைப்பலமே இதைச் சம்பாதித்தது என்று சொல்லிக்கொள்ளாதே என்கிறார்.

ஆகவே இரண்டு பொய்களிலிருந்து நாம் மனந்திரும்பவேண்டும். செழிப்பாயிருக்கிறவன் தேவனுக்கு அதிகப் பிரியமானவன் என்பது ஒன்று. அதை நானும் பிரசங்கித்தேன். உங்கள் முன்பாக அதை விட்டுவிடுகிறேன். எல்லாம் நிலத்தின்படியும் காலத்தின்படியும் நடக்கிறது, நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. சவேரியாரின் கடிதமும் சிதம்பரனாரின் கப்பலும் அதைப் பொய்யாக்குகின்றன.

இந்த வரலாறு முடிந்துபோகவில்லை. நம் சபையில் உப்பளம் வைத்திருக்கிறவர்களும் உண்டு, உப்பளத்தில் கூலிக்கு நிற்கிறவர்களும் உண்டு. ஞாயிறுதோறும் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். வெயிலும் காற்றும் குறைந்த மழையும் இக்கரைக்கு உப்பைக் கொடுத்தன. அந்த வெயிலில் கண் கூசக் கூச உப்பு வாருகிற சகோதரிக்கு மழை மாதங்களில் வேலை இல்லை. அவளுக்கு அந்த மாதங்களில் அடுப்பெரிகிறதா என்று கேட்கவேண்டியவர் யார்? கூலியைக் குறித்து யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் எழுதியதை, உப்பளமும் படகும் கடையும் உடைய ஒவ்வொருவரும் இந்த வாரம் முழங்காலில் நின்று வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். சபை நிதியிலிருந்து மழைக்கால உதவி செய்வதைக் குறித்து வரும் கமிட்டிக் கூட்டத்தில் நானே பேசப்போகிறேன்.

முத்துக்குளிப்பில், தோணியில் நின்று கயிறு பிடிக்கிறவன் குளியாளியின் மைத்துனனாய் இருப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். கயிறு அசைந்தவுடன் இழுப்பான். முத்தை வாங்கினவர்களும் விற்றவர்களும் வரிவிதித்தவர்களும் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. திருச்சபை எங்கே நிற்கவேண்டும் என்று எவராவது என்னைக் கேட்டால், அந்தக் கயிற்றண்டையில் என்று சொல்லுவேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் முத்து வருகிற இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 18ஆம் அதிகாரத்தில் அது பாபிலோன் வியாபாரிகளின் சரக்கு. அந்தப் பட்டியல் மனுஷரையே விலைபேசுவதில் போய் முடிகிறது. 21ஆம் அதிகாரத்தில் அதே முத்து பரலோக நகரத்தின் வாசலாயிருக்கிறது. பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொன்றும் ஒரே முத்து, ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை. சகல ஜாதிகளும் அதன் வழியாய் உள்ளே போகிறார்கள். கொற்கையின் குளியாளியும் லிஸ்பனின் அரசியும் அங்கே ஒரே வாசலில்தான் நுழையவேண்டும்.

தம்பிக்கு நான் கொடுக்கும் பதில் இதுவே: தேவன் எவரையும் குறைவாய் நேசிக்கவில்லை. கடலைக் கொடுத்தவர் பங்கிடும் பொறுப்பை நம் கையில் கொடுத்தார். அந்தப் பங்கீட்டைக் குறித்தே ஒருநாள் நம்மைக் கணக்குக் கேட்பார்.

ஜெபம்: கடலையும் வெட்டாந்தரையையும் உண்டாக்கின ஆண்டவரே, நீர் கொடுத்ததை எங்கள் பலமென்று எண்ணிய பெருமையை மன்னியும். எங்கள் சகோதரரின் மூச்சினால் வந்ததை நாங்கள் மட்டும் அனுபவியாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். கயிறு அசையும்போது உணருகிற கைகளை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.